அணுக்கருவுள் ஓர் ஓட்டம்

பொன்னணு ஒன்றின் கருவில் 79 புரோட்டான்களும் 118 நியூட்ரான்களும் அடங்கியுள்ளன. அத்தகைய இரு கருக்கள் ஒளியின் வேகத்தை நெருங்கி எதிரெதிரே வந்து மோதினால் நிகழ்வது யாது? அந்நிகழ்ச்சி இமைப்பொழுதினும் பன்மடங்கு குறுகியது. அதனை நேரிற் கண்டார் ஒருவரும் இலர். சிதறி வரும் துகள்களை அளந்து, நடந்ததை உய்த்துணர்தலே வழியாகும். அதற்குக் கணித மாதிரியுரு ஒன்று வேண்டும்.

விண்கதிர்கள் ஒளிப்படத் தகடுகளில் விட்ட தடங்களே பெரும்பாலும் சான்றாக இருந்த காலம் அது. இத்தாலியிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த என்ரிக்கோ பெர்மி, 1950ஆம் ஆண்டில் ஒரு விளக்கம் தந்தார். மோதலின் ஆற்றல் மிகச் சிறிய இடத்தில் அடைபட்டு வெப்பமாகிறது. அங்குப் பிறக்கும் துகள்கள் அந்நிலையிலேயே பறந்துவிடுகின்றன என்றார் அவர்.

1953இல் சோவியத் நாட்டு அறிஞர் லெவ் லாண்டவ் இதனைத் திருத்தினார். அத்துணை நெருக்கத்தில் துகள்கள் ஒன்றையொன்று தாக்காமல் வெளியேறல் இயலாது. ஆதலின் அத்தீப்பிழம்பு முதலில் நீர்மம்போல் ஒன்றுபட்டு விரிந்தோடும். குளிர்ந்த பின்னரே துகள்கள் பிரியும் என்பது அவர் கொள்கை. சில நூறு துகள்களின் திரளை நீர்மம் எனலாமோ என்னும் ஐயம் எழுதல் இயல்பே.

அமெரிக்காவின் பெர்க்கிலி ஆய்வுக்கூடத்தில், 1984இல், மோதிய கருக்களின் பொருள் கூட்டாக ஒருபுறம் ஒதுங்கி ஓடுதல் காணப்பட்டது. பின்னர் நியூயார்க் மாநிலத்துப் புரூக்கேவன் ஆய்வுக்கூடத்தில், 2000ஆம் ஆண்டு முதல் பொற்கருக்களை மோதவிட்டனர். கருக்கள் சற்றே விலகி மோதுங்கால், அவை கலக்கும் பகுதி வாதுமைப் பருப்பின் வடிவம் பெறும். துகள்கள் தனித்தனியே பறப்பின் எல்லாத் திசையிலும் ஒப்பச் செல்லும். நீர்மமாயின் குறுகிய பக்கம் நோக்கி அழுத்தம் மிகும், அத்திசையில் துகள்களும் மிகும். அளந்தபோது தெரிந்தது இரண்டாவதே. வளிமம் போன்றதொன்றை எதிர்பார்த்திருந்த அறிஞர்கள், பாகுத்தன்மை மிகக் குறைந்த, ஏறத்தாழக் குறைவிலா நீர்மம் கண்டதாக 2005இல் அறிவித்தனர்.

லாண்டவ் கூறிய யாவும் நிலைக்கவில்லை. மோதிய கருக்கள் முழுதும் நின்றுவிடும் என அவர் கொண்டார். பேராற்றலில் அவை ஒன்றையொன்று ஊடுருவிச் செல்லும் எனக் கொண்டு, 1983இல் ஜேம்ஸ் பியார்க்கன் கணக்கை மாற்றியமைத்தார். எனினும் ஓட்டம் என்னும் அடிப்படை நிலைபெற்றது. 1968இல் மறைந்த லாண்டவ் அதனைக் காண வாய்க்கவில்லை. ஆய்வென்னும் உரைகல்லில் தேய்ந்தும் எஞ்சுவது எதுவோ, அதனைக்கொண்டே ஒரு மாதிரியுருவின் மாற்று அறியப்படும்.