எல்லாரும் வாசித்த கதை எனக்குப் பிடிக்கல: காரணம் சொல்லலாமா?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், எல்லாரும் சூப்பர்னு சொல்ற அந்தத் துப்பறியும் நாவல் எனக்குப் பிடிக்கல. பரீட்சையில அப்படியே எழுதினா மார்க் போயிடுமா?"

போகாது. ஆனால் 'பிடிக்கல' என்று மட்டும் எழுதினால் போய்விடும். காரணம் வேண்டும். காரணம் சொல்லும் வழியைத் தமிழ் நாவல் வரலாற்றிலேயே கற்கலாம்.

1908-இல் ஜே.ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' வந்தது. அதில் வரும் துப்பறியும் கோவிந்தனை வாசகர்கள் கொண்டாடினார்கள். ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கிலக் கதைகளைத் தழுவி எழுதினார். ஷெர்லக் ஹோம்ஸ் அவர் கையில் ஆனந்தஸிங் ஆனார். 1917-இல் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா' வெளிவந்தது. இராஜாம்பாள், மேனகா இரண்டும் நாடகமாகி, 1935-இல் திரைப்படமாகவும் வந்தன. அந்தக் காலத்து 'சூப்பர் ஹிட்' இவைதான்.

இந்தப் போக்கு பிடிக்காதவர்களும் இருந்தார்கள். 1933-இல் தொடங்கிய 'மணிக்கொடி' இதழைச் சார்ந்த எழுத்தாளர்கள் வேறு வகை இலக்கியத்தைத் தேடினார்கள். அவர்களுள் புதுமைப்பித்தன் தழுவலை எதிர்த்தார். பிறமொழிக் கதை வேண்டுமானால் நேர்மையாக மொழிபெயர்க்க வேண்டும் என்ற பக்கம் நின்றார். அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சனும் 1944-இல் துப்பறியும் கதைகளைக் குறை சொல்லி எழுதினார். வாசகர்கள் கோபமாகக் கடிதம் போட்டார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? அவர்கள் சொன்ன நூல்களையும் வாங்கி வாசித்தார். அதன் பிறகும் பிடிக்கவில்லை என்று 1945-இல் மறுபடி எழுதினார். நாம் கற்க வேண்டியது இதைத்தான்: வாசிக்காமல் வெறுக்கக் கூடாது.

மறுபக்கத்தையும் பாருங்கள். மேனகாவில் புகுந்த வீட்டில் கொடுமைப்படும் இளம் மனைவியின் துயரம் இருக்கிறது. வை.மு. கோதைநாயகி 1925-இல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தி, விறுவிறுப்பான நாவல்களைத் தொடராக எழுதினார். இத்தகைய கதைகள் புதிய வாசகர்களை, குறிப்பாகப் பெண்களை, உருவாக்கின. இதை மறைத்து எழுதினால் உங்கள் விடை பாதி விடைதான்.

இனி நம் மலைக்கு வருவோம். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தது. கங்காணிகள் வழியாக ஆட்கள் வருவது தொடர்ந்தது. 1938-இல்தான் இந்திய அரசு அதைத் தடுத்தது. இடையில், 1929-இல், கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. ஆக, தமிழ்நாட்டில் துப்பறியும் கதைகள் பரபரப்பாக விற்ற அதே காலத்தில்தான் நம் முன்னோர் இங்கே தோட்ட வேலை செய்தார்கள். மலாயாவின் முதல் தமிழ் நாவலாகச் சொல்லப்படும், க. வெங்கடரத்தினத்தின் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி'யும் 1917-இல் வந்ததுதான். தலைப்பில் உள்ள 'அல்லது' என்ற சொல்லே அது தமிழ்நாட்டு நாவல் பாணியைப் பின்பற்றியதைக் காட்டும்.

தேயிலைத் தொழிலாளியைக் கதையின் நடுவில் வைத்த ஒரு நாவலை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதினார். தமிழில் 'எரியும் பனிக்காடு' ஆனது. அதிலும் அடுத்து என்ன ஆகுமோ என்ற பதைப்பு உண்டு. ஆனால் அந்தப் பதைப்பு கொலைகாரன் யார் என்பதைப் பற்றியது அல்ல. கூலியும் கடனும் காய்ச்சலும் பற்றியது.

மறுவாரம் அந்த மாணவி சொன்னாள்: "சார், கொழுந்து பறிக்கிற எங்க பாட்டி மாதிரி ஒருத்தர்கூட அந்தக் கதையில இல்ல." அது நல்ல காரணம். எல்லாக் கதையும் எல்லாரையும் பற்றி எழுத வேண்டும் என்ற சட்டம் இல்லை. ஆனாலும் யார் இல்லை என்று கேட்பது வாசகரின் உரிமை.

விடை எழுதும்போது மூன்றைக் கவனியுங்கள்: நூலை முழுக்க வாசித்தீர்களா? பிடிக்காத காரணத்துக்கு நூலிலிருந்தே சான்று தந்தீர்களா? அது மற்றவர்களுக்கு ஏன் பிடித்தது என்று ஒரு பத்தியாவது எழுதினீர்களா? மூன்றும் இருந்தால் தைரியமாக எழுதுங்கள்: எனக்குப் பிடிக்கவில்லை.