நோய்ப்பட்டியலில் ஏறிய பாலின அடையாளம்

1952 டிசம்பரில் நியூயார்க் நாளிதழ் ஒன்றின் முதல் பக்கத்தில் கிறிஸ்டின் ஜார்கென்சன் வந்தார். முன்னாள் அமெரிக்க ராணுவ வீரர்; டென்மார்க்கில் சிகிச்சை பெற்றுப் பெண்ணாக வாழத் தொடங்கியிருந்தவர். அவருக்குச் சிகிச்சை தந்த கோபன்ஹேகன் மருத்துவர் கிறிஸ்டியன் ஹாம்பர்கருக்குக் கடிதங்கள் குவிந்தன. பால் மாற்றம் வேண்டி எழுதியவர்கள் மட்டும் 465 பேர்.

அமெரிக்காவில் அவர்களுக்குப் போக்கிடமில்லை. நல்ல உறுப்பை அகற்றினால் வழக்கு வருமோ என்று அறுவை மருத்துவர்கள் அஞ்சினார்கள். மாற்ற வேண்டியது மனத்தைத்தான் என்றார்கள் மனநல மருத்துவர்கள் பலர். பெர்லினில் பிறந்து நியூயார்க்கில் மருத்துவம் பார்த்த ஹாரி பெஞ்சமின் இதை மறுத்தார். மனம் மாறாது, உடலை அதற்கேற்ப மாற்றலாம் என்று 1966இல் ஒரு நூலே எழுதினார். அதே ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை இதற்கெனத் தனிப்பிரிவு தொடங்கியதை அறிவித்தது. அறுவைக்கு மருத்துவக் காரணம் தேவைப்பட்டது; காரணம் காட்ட நோய்ப்பெயர் தேவைப்பட்டது.

சிகிச்சை கேட்டு வந்தவர்கள் பெஞ்சமின் நூலைப் படித்துவிட்டு வந்தார்கள். மருத்துவர் எதிர்பார்த்த வாழ்க்கைக் கதையை அப்படியே ஒப்பித்தார்கள். 1970களில் ஸ்டான்ஃபோர்டின் நார்மன் ஃபிஸ்க் இதைக் கவனித்து எழுதினார். அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே ஒரு கதைக்குத்தான் கதவு திறக்கும் என்றால், உயிர் பிழைக்க நினைப்பவர் வேறு என்ன சொல்வார்? உண்மையைச் சொன்னவருக்கு நேர்ந்ததையும் பார்க்கலாம். சான் பிரான்சிஸ்கோ திருநம்பி லூ சல்லிவன் தனக்கு ஆண்கள் மீதுதான் விருப்பம் என்பதை மறைக்கவில்லை. ஆணாக மாற விரும்புபவர் பெண்ணைத்தானே விரும்ப வேண்டும் என்று நினைத்த மருத்துவர்கள் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அவர் விடவில்லை. 1986இல் அறுவை சிகிச்சை பெற்றார். 1991இல் எய்ட்ஸால் இறக்கும்வரை மருத்துவர்களோடு வாதாடிக்கொண்டே இருந்தார்.

இதற்கிடையே 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் மனநோய்களை வகைப்படுத்தும் டிஎஸ்எம் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் பாலின அடையாளம் சார்ந்த நோயறிதல் அச்சேறியது. வயதுவந்தோருக்கு ஒரு பெயர், குழந்தைகளுக்கு வேறொன்று. தன்பால் ஈர்ப்பு நோயல்ல என்று அதே சங்கம் முடிவெடுத்து ஏழு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒன்றைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைத்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு பின்னர் எழுந்தது.

2013இல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, அடையாளமே கோளாறு என்ற பார்வையைக் கைவிட்டு, அதனால் வரும் துயரத்தை மட்டும் நோயறிதலாக்கியது. உலக சுகாதார நிறுவனம் இன்னும் ஓரடி போனது. 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அதன் நோய்ப்பட்டியல் ஐசிடி-11இல், இது மனநோய் அத்தியாயத்திலிருந்து பாலியல் நலம் சார்ந்த அத்தியாயத்துக்கு மாறியது. முழுவதும் நீக்காததற்குக் காரணம் உண்டு: நோய்ப்பட்டியலில் குறியீடு இல்லாத சிகிச்சைக்குப் பல நாடுகளில் காப்பீடும் இல்லை, அரசு உதவியும் இல்லை.

வயதுவந்தோர் விஷயத்தில் அது சரியான சமரசம்தான். ஆனால் பருவமடையாத குழந்தைக்கு ஹார்மோனும் தருவதில்லை, அறுவையும் செய்வதில்லை. பிறகு குழந்தைகளுக்கெனத் தனிக் குறியீடு எதற்கு என்று திருநர் அமைப்புகள் பல கேட்டன. அந்தப் பிரிவு ஐசிடி-11இல் இன்றும் இருக்கிறது.