பயினி, கள், ஐபிஏ

பீரில் 'இந்தியா பேல் ஏல்' என்று ஒரு வகை உண்டு. சுருக்கமாக ஐபிஏ. அமெரிக்காவில் சின்னச் சின்ன ஆலைகள் காய்ச்சும் கிராஃப்ட் பீர்களில் இன்றைக்கு அதுதான் ராஜா. நம் நாட்டின் பெயரைத் தாங்கிய இந்தப் பீரை மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ருசி பார்த்தவர்கள் அநேகமாக யாரும் இருக்கமாட்டார்கள். ஆனால் இங்கே குளத்தங்கரைப் பனையிலிருந்து இறங்கிய கள்ளைக் குடித்த பெருசுகள் இன்னமும் இருக்கிறார்கள். அந்தக் கள் இப்போது சட்டப்படி குற்றம்.

ஐபிஏயின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தபோது, நம் பனையின் கதைக்கும் அதே கேள்வியைப் போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றியது. ஒரு குடிவகை ஏன் பரவுகிறது, பக்கத்திலேயே இருக்கும் இன்னொன்று ஏன் ஒதுங்கிப்போகிறது? 'சனங்களுக்குப் பிடிச்சது நிக்கும், பிடிக்காதது போகும்' என்பது வழக்கமான பதில். எனக்கு அது போதவில்லை. நாக்குக்கு முன்னாலேயே வேறு சிலர் முடிவெடுத்துவிடுகிறார்கள்.

முதலில் ஐபிஏ. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனுக்குக் கிழக்கே போ என்ற இடத்தில் ஹாட்ஜ்சன் குடும்பத்தின் மதுவாலை இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் நிற்கும் துறை அதற்குப் பக்கம். கப்பல் தலைவர்கள் சொந்த வியாபாரமாகப் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு வருவார்கள். ஹாட்ஜ்சன் அவர்களுக்குப் பதினெட்டு மாதம் வரை கடன் கொடுத்தார். சென்னை, கல்கத்தா, பம்பாய்க்கு அவர் பீர் வந்ததற்குத் துறைமுகமும் கடனும் பெரிய காரணங்கள். ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவை அள்ளிப்போட்ட பீர் நாலு மாதம், ஆறு மாதம் கடலில் கிடந்தாலும் கெடாமல் வந்தது. பின்னால் அந்தக் குடும்பம் கப்பல்காரர்களை ஒதுக்கிவிட்டுத் தானே எல்லாவற்றையும் செய்யப் பார்த்தது. கம்பெனித் தரப்பு 1822 வாக்கில் பர்ட்டன் ஊரின் ஆல்ஸப்பை அணுகியது. சந்தை கை மாறியது.

ஒரு விஷயம் வேடிக்கையானது. இந்தியாவில் இருந்த வெள்ளைச் சிப்பாய்கள் அதிகம் குடித்தது இந்த வெளிர் பீரை அல்ல, கறுத்த போர்ட்டரையும் இங்கே கிடைத்த சாராயத்தையும்தான். பேல் ஏல் துரைமாருக்கு. 'வெயிலில் வாடிய சிப்பாய்களுக்காகச் செய்த பீர்' என்பதெல்லாம் பின்னால் லேபிளில் ஒட்டிய கதை.

அமெரிக்காவில் அது மறுபடி எழுந்ததற்கும் ருசி மட்டும் காரணமில்லை. 1972இல் காஸ்கேட் என்ற புது ஹாப்ஸ் வகை வந்தது. 1975இல் சான்பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை அதைப் போட்டு லிபர்டி ஏல் காய்ச்சியது. 1978இல் வீட்டில் பீர் காய்ச்சுவதை அனுமதிக்கும் சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார். இதற்கெல்லாம் அடியில் ஒரு கணக்கு உண்டு. லாகர் வகைப் பீர் குளிர்தொட்டியில் ஒரு மாதம், சமயத்தில் அதற்கு மேலும் கிடக்க வேண்டும். ஏல் வகை இரண்டு மூன்று வாரத்தில் தயார். நாலு தொட்டி வைத்திருக்கும் சின்ன முதலாளி எதைக் காய்ச்சுவார்? அதோடு, காய்ச்சுவதில் சிறு பிசகு நடந்தாலும் கசப்பும் வாசனையும் அதை மூடிவிடும். லாகரில் மூட முடியாது.

கெடாமல் எவ்வளவு தூரம் போகும், தொட்டியை எத்தனை நாள் அடைக்கும், அரசாங்கம் அதை எப்படி எண்ணும் என்ற மூன்று கேள்விகளையும் எடுத்துக்கொண்டு பனைக்கு வருவோம்.

எங்கள் பக்கம் பதநீரைப் பயினி என்போம். பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டினால் சொட்டுவது ஒரே பால்தான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் நொதிக்காது, பயினி. தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும், சில மணி நேரத்தில் கள். மறுநாள் புளித்துக் காடி. இந்தப் பக்கம் பனையேறிய ஒரு பெரியவரிடம் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். "சுண்ணாம்பு தடவுனா பயினி, தடவாட்டா கள்ளு. போலீஸுக்குத்தாம்யா அது வேற இது வேற. மரத்துக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்றார்.

ஆக ஒரே மரம், ஒரே உழைப்பு, காலையும் மாலையும் அதே ஏற்றம். அப்படியிருந்தும் பழைய திருநெல்வேலிச் சீமையில், முக்கியமாகத் தெற்கே தேரிக்காட்டில், பனைத்தொழில் என்றாலே பயினியும் கருப்பட்டியும் என்று ஆனது. ஏன்?

பயினிக்குப் பயணம் போகும் வடிவம் ஒன்று உண்டு. விடிலியில் வைத்துக் காய்ச்சினால் கருப்பட்டி. மாதக்கணக்கில் கெடாது, வண்டியில் ஏறும், கப்பலில் ஏறும். கிழக்கிந்திய டிஸ்டில்லரிஸ் கம்பெனி, அதாவது பாரி வகையறா, குலசேகரப்பட்டினத்தில் பனஞ்சர்க்கரை ஆலையே வைத்தது. அதற்காகத் திருச்செந்தூர், திசையன்விளைப் பக்கம் ஒரு குட்டி ரயிலும் ஓடியது. 1940இல் அதை மூடினார்கள். பயினிக்காக ரயில் விட்ட ஊர் உலகத்தில் வேறெங்காவது உண்டா தெரியாது!

கள்ளுக்கும் பயண வடிவம் உண்டு. வடித்தால் சாராயம். ஆனால் அதை வடிக்கும் உரிமையைச் சர்க்கார் குடியானவன் கையில் விடவில்லை. 1886ஆம் வருஷத்துச் சென்னை அப்காரிச் சட்டத்தின் கீழ் சாராயம் உரிமம் பெற்ற பெரிய வடிசாலைகளின் சரக்கு, கள் ஏலத்தில் எடுத்த கடைகளின் சரக்கு என்று ஆனது. கள் இறக்கும் மரத்துக்கு மரவரி. மரத்தில் எண் போடுவார்கள். எண்ணில்லாத மரத்தில் சுண்ணாம்பில்லாத கலயம் தொங்கினால் வழக்கு. சுண்ணாம்புக் கலயத்துக்கு அந்தக் கெடுபிடி அவ்வளவு இல்லை. ஏழைப் பனையேறி எந்தப் பக்கம் சாய்வான்?

வரி மட்டும்தான் எல்லாம் என்று சொல்லிவிட்டால் அது அரைக் கதை. மானமும் இதில் உண்டு. இடையன்குடியில் இருந்த கால்டுவெல் 1849இல் பனையேறிகளைப் பற்றி எழுதிய சிறு நூல் அந்தச் சமூகத்தாரைப் பெரிதும் புண்படுத்தியது. புராட்டஸ்டண்ட் சபைகள் ஒருபக்கம் குடியை விலக்கின. 1910இல் தோன்றிய நாடார் மகாஜன சங்கம், கள் இறக்குவதை விடச் சொல்லிப் பிரசாரம் செய்தது. கள் என்பது தாழ்த்திப் பேசப்படுவதற்கான காரணங்களில் ஒன்றாகிப்போனது. அதை விட்டவர்கள் கடை வைத்தார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள். அந்த முடிவை இன்றைக்கு உட்கார்ந்துகொண்டு குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மரத்தை விட்டால் வேறு கதியில்லாதவர்களுக்கு அதே முடிவு என்ன செய்தது என்பது தனிக் கேள்வி.

பிறகு மதுவிலக்கு. 1937 அக்டோபரில் ராஜாஜி சேலம் ஜில்லாவில் தொடங்கினார். 1948 அக்டோபர் 2 முதல் ஓமந்தூரார் ஆட்சியில் மாகாணம் முழுக்க. அப்போது வேலையிழந்த மரமேறிகளுக்கு மாற்றாகச் சொன்னது வெல்லக் கூட்டுறவுச் சங்கம், அதாவது மறுபடியும் பயினி. 1971இல் கலைஞர் மதுவிலக்கைத் தளர்த்தியபோது கள்ளுக்கடை திரும்பி வந்தது, சில வருஷத்திலேயே மூடியது. 1981இல் எம்.ஜி.ஆர். திறந்தார். 1987 தொடக்கத்தில் மறுபடி பூட்டு. அன்று பூட்டியது பூட்டியதுதான், பிறகு கள்ளுக்கடை வரவேயில்லை.

இதே காலத்தில் பாட்டில் சரக்கு என்ன ஆனது என்று பாருங்கள். 1983இல் டாஸ்மாக் மொத்த விற்பனைக்காக வந்தது. 2003 கடைசியில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே போனது. பாட்டிலை எண்ணலாம், ஸ்டிக்கர் ஒட்டலாம், குடோனில் அடுக்கலாம். சில ஆலைகளின் வாசலில் நின்றால் மாநிலத்தின் மொத்தக் கணக்கும் தெரிந்துவிடும். கள்ளுக்கு லட்சக்கணக்கான வாசல், ஒவ்வொரு மரமும் ஒரு ஆலை. எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் அது தலைவலி. உடல்நலம், கலப்படம் என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். கள்ளில் மாத்திரை கலந்தது பொய்யில்லை. ஆனால் ஐந்தாறு சதவீத ஆல்கஹால் உள்ள கள் கூடாது, நாற்பது சதவீதத்தைத் தாண்டிய பிராந்தி ஆகும் என்பதை உடல்நலத்தை வைத்து விளக்க முடியாது. எண்ணும் வசதியை வைத்து விளக்கலாம்.

பீருக்குள்ளேயும் அதே கதைதான். இந்தியாவில் விற்கும் பீரில் பெரும்பங்கு 'ஸ்டிராங்' வகை. வெயில் நாட்டுக்கு இலேசான பீர்தானே பொருந்தும் என்று நினைப்போம். ஆனால் பல மாநிலங்களில் வரி ஆல்கஹாலின் அளவைப் பார்த்துப் போடப்படுவதில்லை, பாட்டிலைப் பார்த்துப் போடப்படுகிறது. இலேசான பாட்டிலுக்கும் காட்டமான பாட்டிலுக்கும் ஏறக்குறைய ஒரே காசு என்றால், கூலி வாங்கிக்கொண்டு வருகிறவன் எதைக் கேட்பான்? இதை நம் ஆட்களின் ருசி என்று ஆய்வறிக்கை எழுதுகிறவர்கள் விலைப் பட்டியலையும் ஒரு தடவை பார்க்கலாம். பெங்களூரில் கடையிலேயே காய்ச்சித் தரும் இடங்களில் கசப்பு ஐபிஏயைவிடக் கோதுமைப் பீர் நன்றாகப் போகிறது. அது கசக்காது, காரச் சாப்பாட்டோடு சேரும். தொட்டியையும் சீக்கிரம் காலி செய்யும்!

சரி, ஒரு நாளில் புளித்துப்போகிற கள் எப்படியும் தோற்றிருக்கும், சட்டம் என்ன செய்யும் என்று கேட்கலாம். அதற்கு நம் மேற்கே பார்த்தால் போதும். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் தென்னையில் இறக்கும் கள் வண்டிகளில் ஏறிக் கேரளத்தின் மற்ற மாவட்டங்களுக்குத் தினமும் போகிறது. உரிமம் பெற்ற கடை, நலநிதி வாரியம், தொழிற்சங்கம் என்று ஒரு ஏற்பாடே அதைச் சுற்றி இருக்கிறது. செங்கோட்டை, புளியரை தாண்டி ஆரியங்காவுக்குள் கால் வைத்தால் கள் சட்டப்படியான சரக்கு. இந்தப் பக்கம் அதே கலயம் வழக்குச் சொத்து. நடுவில் இருப்பது மலைதான், ருசி அல்ல.

தமிழ்நாட்டில் 2017இல் தென்னை 'நீரா'வுக்கு அனுமதி கொடுத்தார்கள், நொதிக்காமல் பதப்படுத்தி அடைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அதற்குக் குளிர்சாதனமும் முதலீடும் வேண்டும். கம்பெனி வைத்தவர்களால் முடியும், இருபது பனையைக் குத்தகைக்கு எடுத்து ஏறுகிறவரால் முடியாது. பனை நம் மாநில மரம். அதை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அதற்குள் செங்கல் சூளைக்குப் போன மரங்கள் போனதுதான். நிற்கிற மரத்தில் ஏற ஆள் வேண்டுமே.

அந்தப் பெரியவர் பங்குனி தொடங்கி ஆடி வரை ஏறியவர். அவர் மகன்கள் ஏறவில்லை. பயினியாகவே இறக்கிக் காய்ச்சியிருக்கலாமே என்றேன். "வெறகு யாரு தருவா? ஒரு நா முழுக்க காச்சுனா எத்தன கருப்பட்டி வரும்னு நெனைக்கே? அதுல பாதி சீனி போட்டு விக்கிறவன் என்னயவிட கொறச்சு குடுக்கான்" என்றார். கலப்படக் கருப்பட்டியோடு போட்டி போட்டுத் தோற்ற கதை அது. கள்ளை இழந்தவருக்குப் பயினியும் நிற்கவில்லை.

குலசேகரப்பட்டினம் ரயிலைப் பற்றிச் சேர்த்துவைத்த குறிப்புகள் இன்னும் கொஞ்சம் இருக்கின்றன. அதைத் தனியாக எழுத வேண்டும்.