சம்ப் மோட்டாரின் சத்தம் எங்கிருந்து வருகிறது?

சம்ப் மோட்டார் வழக்கத்துக்கு மாறாகச் சத்தம் போட்டால் அதைச் சரிசெய்யும் வழி எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். கீச்சென்று தொடங்கி நாளாக ஆக இரைச்சலாக முற்றினால் பேரிங் போய்விட்டது. சுற்றாமல் உறுமிக்கொண்டு மட்டும் நின்றால் கெப்பாசிட்டரைப் பார்க்க வேண்டும். நெடுநாள் ஓடாமல் கிடந்த மோட்டாரென்றால் இம்பெல்லர் துருவேறி இறுகியிருக்கும். ஜல்லியைப் போட்டு அரைப்பதுபோல் கேட்டால் கோளாறு மோட்டாரில் இல்லை. சம்புக்குள், அதாவது தரையடித் தொட்டிக்குள், இருக்கும் ஃபுட் வால்வின் சல்லடை அடைத்துக்கொண்டு, பம்பு இழுக்கும் வேகத்துக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை. உள்ளே அழுத்தம் விழுந்து, தண்ணீர் சூடாகாமலே ஆவிக் குமிழிகளாக மாறி, அவை இம்பெல்லர்மேல் வெடிக்கின்றன. ஸ்விட்சை அணைத்ததும் சுவரில் ‘டம்’மென்று அறைந்தால் நான்-ரிட்டர்ன் வால்வு தாமதமாக மூடுகிறது. இவையெல்லாம் அரைநாள் வேலை. ஆனால் சென்னை போன்ற ஒரு நகரத்தில் வீட்டுக்கு வீடு தனித்தனியாக ஒரு நீரேற்று நிலையம் எப்படி முளைத்தது என்ற கேள்வி ஸ்பேனருக்கு அடங்காது. தண்ணீரை அழுத்தத்தோடு வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்க்கும் வேலை ஒருகாலத்தில் நகரத்தின் பொறுப்பாக இருந்தது. அது ஓசைப்படாமல் வீட்டுக்காரர் தலையில் இறங்கியது. இயந்திரத்தின் ஓசையும் அதோடு சேர்ந்து வீட்டுக்குள் வந்தது.

சென்னையின் குழாய்த் தண்ணீர் கோட்டைக்காகத் தொடங்கியது. 1772இல் வடசென்னையில் தோண்டிய கிணறுகளிலிருந்து கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். ஏழு கிணறு என்ற பேட்டைப் பெயர் இன்னும் இருக்கிறது. ஊருக்கான திட்டம் வர மேலும் நூறாண்டு ஆனது. கொசஸ்தலை ஆற்று நீரைத் தாமரைப்பாக்கத்தில் தடுத்து, சோழவரம் வழியாகச் செங்குன்றம் ஏரிக்குத் திருப்பி, அங்கிருந்து திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவந்த ஏற்பாடு 1872இல் முடிந்தது. அது முழுக்கச் சரிவை நம்பிய ஏற்பாடு, வடிகட்டலும் கிடையாது. தண்ணீரைத் தூக்கி, அழுத்தம் கொடுத்து அனுப்புவது ஊரின் வேலை என்ற எண்ணம் கல்லும் இரும்புமாக உருப்பெற்றது 1914இல்தான். ஜே. டபிள்யூ. மேட்லி என்ற பொறியாளர் வகுத்த திட்டப்படி மூடிய கால்வாய், மணல் வடிப்பான்கள், நீராவியால் இயங்கிய பம்புகள், உயரமான இரும்புத் தொட்டி எல்லாம் கீழ்ப்பாக்கத்தில் அமைந்தன. (தி. நகர் மேட்லி சாலையில் தினமும் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் தண்ணீர்க்காரர் என்று தெரியும்?) இந்த அமைப்பில் சத்தம் போடும் இயந்திரங்கள் கீழ்ப்பாக்கத்தில் இருந்தன. வீட்டில் இருந்தது வெறும் குழாய்.

மேட்லி கணக்கிட்டது 1961இல் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று. ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 115 லிட்டர். 1931 கணக்கெடுப்பிலேயே நகரம் 6.47 லட்சத்தைத் தொட்டுவிட்டது. 1951இல் 14 லட்சம், அவர் குறித்த 1961இல் 17 லட்சத்துக்கும் மேல். இடையில் 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் வந்தது, ஏரி கூடியது. ஆனால் ஏரியில் நீர் கூடுவதும் தெருக்கோடி வீட்டுக் குழாயில் அழுத்தம் கூடுவதும் வேறு வேறு. அதே குழாய்களில் மும்மடங்கு கை நீண்டால் அழுத்தம் முதலில் மாடியில் போகும், பிறகு தரைமட்டத்தில் போகும். மக்கள் இதற்குக் கண்ட பதில் மிக எளிமையானது: குழாயைத் தாழ்த்தினார்கள். வாசலில் இடுப்பளவு குழி தோண்டி, படியிறங்கி, அடியில் குடம் வைத்துப் பிடித்தார்கள். குழியிலும் சொட்டத் தொடங்கியபோது குழாயோடு அடி பம்பைப் பொருத்தி அடித்து இழுத்தார்கள். சம்ப் இந்த வரிசையில் மூன்றாவது. சாலைக்கடியில் போகும் குழாயைவிடத் தாழ்வாக ஒரு தொட்டி கட்டிவிட்டால், எவ்வளவு மெலிந்த நீரும் ஆளில்லாமலே அதில் வந்து விழும். அந்தக் குழியின் சிமெண்ட் பூசிய வாரிசுதான் சம்ப். ஊர்க்குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டி இழுப்பது சட்டவிரோதம்; அப்படி இழுத்தால் வெற்றழுத்தம் உண்டாகி, விரிசல்கள் வழியே சாக்கடையும் உள்ளே வரும். சம்பில் விழுந்த தண்ணீரை மோட்டார் போட்டு ஏற்றுவதில் குற்றமில்லை. சட்டம் விட்ட இந்த வழியில்தான் நகரமே நடந்தது.

குழி தயாராக இருந்தால் போதாது, கைக்கடக்கமான விலையில் மோட்டாரும் வேண்டும். அதைத் தந்தது கோயம்புத்தூர். 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்தபோது, மாடு கட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்த ஆழக் கிணறுகள் அந்த வட்டாரமெங்கும் இருந்தன. பஞ்சாலைகளுக்கு உதிரிபாகம் வார்த்த பட்டறைகளும் இருந்தன. பாலசுந்தரம் நாயுடுவும் ஜி. டி. நாயுடுவும் 1937இல் செய்த மோட்டாரே இந்தியாவின் முதல் மின் மோட்டார் என்பது கோவைத் தொழில் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. பின்னர் தெருவுக்குத் தெரு வார்ப்படப் பட்டறையும் காயில் கட்டும் கடையும் பெருகி, நாட்டின் பம்பு உற்பத்தியில் ஏறக்குறையப் பாதி அந்த ஊருக்கு உரியதாயிற்று. நம் விஷயத்துக்கு முக்கியமானது, அந்த மோட்டார் யாருக்காகப் பிறந்தது என்பது. அது தோட்டத்துக்காகப் பிறந்தது. கிணற்று மேட்டில் ஓடும் மோட்டார் இரைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. சொல்லப்போனால், மூன்று வயல் தள்ளி மடை திருப்பிக்கொண்டிருப்பவருக்கு அந்த இரைச்சல்தான் கரண்ட் இருக்கிறது என்ற தகவல். அதே வடிவம், அரை அல்லது ஒரு குதிரைத்திறன் மோனோபிளாக்காகச் சிறுத்து, நிமிடத்துக்கு 2,880 சுற்று வேகத்தோடு, மாடிப்படிக்கு அடியிலும் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழேயுள்ள சந்திலும் வந்து உட்கார்ந்தது. குழாயைப் படுக்கையறைச் சுவரோடு கிளிப் அடித்து மேலே கொண்டுபோனோம். அதிர்வு சுவர் முழுக்கப் பரவியது. பாதிச் சத்தம் இடத்தின் குற்றம்.

மாடி வீடு கட்டினால் எந்த ஊரிலும் மோட்டார் வேண்டும்தானே என்று கேட்கலாம். உயரத்துக்கு ஒரு எல்லை உண்டு. நியூயார்க்கில் ஏறக்குறைய ஆறு மாடி வரை ஊர்க்குழாயின் அழுத்தமே தண்ணீரை ஏற்றிவிடுகிறது. அதற்கு மேல்தான் பம்பும் கூரைத் தொட்டியும். இங்கே ஒற்றைத் தள வீட்டிலும் சம்ப் இருக்கிறது. ஆகவே மாடிகளை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. இரண்டாவது ஆட்சேபம் வலுவானது: சென்னையில் தண்ணீரே இல்லை, இல்லாத தண்ணீருக்கு அழுத்தம் எங்கிருந்து வரும்? 1978இல் மெட்ரோ வாட்டர் என்னும் குடிநீர் வாரியம் தொடங்கியதிலிருந்து நடந்ததைப் பார்த்தால் இது முழு உண்மை அல்ல. 1996இல் கிருஷ்ணா நீர் வந்தது. 2004இல் வீராணம் ஏரி நீர் வந்தது. 2010இல் மீஞ்சூரிலும் 2013இல் நெம்மேலியிலும் தலா நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்தன. எந்த வரவுக்குப் பிறகும் சம்பை மூடிய வீடு என்று ஒன்று உண்டா? தண்ணீர் ஒரு சில மணி நேரம் மட்டும் வரும் ஊரில் எல்லா வாயும் ஒரே நேரத்தில் திறக்கிறது. குழாயில் எவ்வளவு விட்டாலும் அத்தனை சம்பும் ஒருசேர விழுங்கிவிடுவதால் அழுத்தம் ஏறவே வழியில்லை. பற்றாக்குறைக்காகக் கட்டிய தொட்டி, பற்றாக்குறை குறைந்த நாளிலும் அழுத்தத்தைத் தின்கிறது. ஹூப்ளி-தார்வாடின் சில வார்டுகளில் 2008 வாக்கிலும், ஒடிசாவின் புரியில் 2021இலும் நாள் முழுக்கக் குழாயில் தண்ணீர் வரச் செய்தார்கள். சென்னையின் அளவுக்கு அவை சிறியவை என்பது சரி. நம் ஊர்க்குழாயில் அழுத்தம் நிற்காது என்பது இயற்கை விதி அல்ல என்று காட்ட அவை போதும்.

ஒரு விஷயத்தில் சம்பின் பக்கம் நிற்கத்தான் வேண்டும். 2003-04 வறட்சியில் சென்னையின் குழாய் விநியோகம் கிட்டத்தட்ட நின்றே போனது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டன. அப்போது ஊரைக் காப்பாற்றியது லாரி. லாரித் தண்ணீரை ஒரே மூச்சில் ஆயிரக்கணக்கான லிட்டராக வாங்கி வைக்க முடிந்தது சம்ப் இருந்த வீட்டால்தான். தெருமுனையில் குடத்தோடு வரிசையில் நின்றவர்கள் சம்ப் இல்லாதவர்கள். அழுத்தம் தனியார் சொத்தானபோது, அதை வாங்க முடியாதவர்களுக்கு முதுகும் இடுப்பும்தான் பம்பு. மோட்டார் சத்தத்தைத் தொல்லை என்று சொல்வதும் ஓரளவு வசதியுள்ளவர்களின் புகார்தான்.

சம்புக்குள்ளேயே மூழ்கி ஓடும் சப்மெர்சிபிள் வந்தபின் சத்தப் பிரச்சினையே தீர்ந்துவிட்டது என்பாரும் உண்டு. சத்தம் பெருமளவு குறைகிறது, உண்மை. குடியிருப்புப் பகுதிகளுக்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வைத்த இரவு வரம்பு 45 டெசிபெல். பல தெருக்களில் தண்ணீர் வருவதோ அந்த இரவுக் கணக்குக்குள் அடங்கும் ஆறு மணிக்கு முன். அந்த வகையில் அது நல்ல மாற்றம். ஆனால் காதால் வைத்தியம் பார்த்து வந்த மெக்கானிக்குக்கு அது கேட்பதில்லை: சம்ப் வறண்டு மோட்டார் சும்மா சுற்றுவதும், மேல்தொட்டி நிரம்பி வழிவதும் சென்சார் வைத்தால்தான் தெரியும். பேரிங் போனால் மூடியைத் திறந்து கயிறு கட்டித் தூக்க வேண்டும். எர்த்தும், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் சரியாக இல்லாத வீட்டில் அந்தத் தண்ணீரில் கைவைப்பது ஆபத்து.

இப்போது அடுத்த மோட்டார் மொட்டை மாடியில் ஏறிவிட்டது. மேல்தொட்டியின் நீர்மட்டம் கடைசி மாடி ஷவருக்கு மேல் 2 அல்லது 3 மீட்டர்தான் இருக்கும். அது தரும் அழுத்தம் 0.2, 0.3 பார். கடையில் காட்டும் புதுவகை ஷவர்களில் பலவற்றுக்கு இது பற்றாது. கீழே இழந்த அழுத்தத்தை ஒரு மோட்டார் மேலேற்றித் தருகிறது, மேலே போதாததை இன்னொரு மோட்டார் கூட்டித் தருகிறது. பிரஷர் பம்ப் குழாயைத் திறந்தால் ஓடும், மூடினால் நிற்கும். வாஷர் தேய்ந்து சொட்டும் ஒரே ஒரு குழாய் போதும், இரவு முழுக்கச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது தானே ஓடி ஓடி நிற்கும். பம்பு கெட்டுவிட்டது என்று ஆளைக் கூப்பிடுகிறவர்கள், பாத்ரூம் குழாய்களை ஒரு முறை இறுக்கிப் பார்த்துவிட்டுக் கூப்பிடலாம்.