காப்பிதான், ஆனா திருட்டு காப்பி இல்லை!

"சைனா காப்பி" என்றாலே நமக்கு ஒரு இளக்காரம் இருக்கிறது இல்லையா? எல்லா காப்பியும் ஒன்றில்லை நண்பர்களே.

1958-ல் ஷாங்காயில் செய்யப்பட்ட 'ஷாங்காய் 58' கேமரா, ஜெர்மனியின் லைக்காவைப் பார்த்து அப்படியே செய்தது. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பிற்பாடு அதே ஊரின் சீகல் நிறுவனம் நேர்வழியில் போனது. ஜப்பானின் மினோல்டாவிடம் உரிமம் வாங்கி, 1984-ல் வந்த எக்ஸ்-300 மாடலை 'டிஎஃப்-300' என்ற பெயரில் தயாரித்தது.

ஃபோகஸை நாமே கையால் திருப்ப வேண்டும். அப்பர்ச்சரை நாம் வைத்தால் ஷட்டர் வேகத்தை கேமராவே முடிவு செய்யும். மினோல்டா லென்ஸும் கச்சிதமாகப் பொருந்தும்!

மினோல்டா ஏன் கொடுத்தது? காமர்ஸ் படிக்கிறவனுக்கு இதுதான் சுவாரஸ்யம். 1985-ல் மினோல்டாவே 7000 என்ற ஆட்டோஃபோகஸ் கேமராவை இறக்கிவிட்டது. கையால் ஃபோகஸ் செய்யும் கேமரா பழசாகிப்போனது. பழைய வரைபடமும் காசுதானே :)

சீகலுக்கு நல்ல கேமரா கிடைத்தது. ஆனால் உரிமத்தில் கிடைப்பது இன்றைய வரைபடம் மட்டும்தான். நாளைய கேமராவை யோசிக்கும் மூளை அதில் வராது. டிஜிட்டல் வந்ததும் ஃபிலிம் சந்தையே சுருங்கிவிட்டது.

அசலும் தப்பவில்லை. கோனிகாவோடு இணைந்திருந்த மினோல்டா 2006-ல் கேமரா தொழிலை விட்டே விலகியது. ஆனாலும் அந்தப் பழைய லென்ஸ்கள் இந்தக் காப்பியில் இன்றும் பொருந்துகின்றன. இனிமேல் காப்பி என்று சிரிக்கும் முன், "அனுமதியோடவா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்!