பல் இம்பிளான்ட்

இழந்த பல்லின் வேர் இருந்த இடத்தில், தாடை எலும்புக்குள் பதிக்கப்படும் சிறு டைட்டேனியத் திருகே பல் இம்பிளான்ட். அதன் தலையில் ஓர் இணைப்புத்துண்டும், அதற்கு மேல் பீங்கான் பல்லும் பொருத்தப்படும். கழற்றி மாட்டும் பல்செட் ஈறின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பிரிட்ஜ், பக்கத்துப் பற்களை அராவி அவற்றின் மேல் கட்டப்படுகிறது. இம்பிளான்ட் மட்டுமே எலும்பை நம்பி நிற்கிறது. ஆகவே இதன் வரலாறு முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றியது: உயிருள்ள எலும்பு ஓர் அந்நியப் பொருளைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளுமா?

இதற்குக் கிடைத்த மிகப் பழைய சாட்சி ஹோண்டுராஸ் நாட்டிலிருந்து வருகிறது. 1931இல் அங்கே உலுவா பள்ளத்தாக்கில் வில்சன் பொப்பினோவும் அவர் மனைவி டோரதியும் ஒரு கீழ்த்தாடைத் துண்டைக் கண்டெடுத்தனர். ஏறத்தாழ கி.பி. 600ஐச் சேர்ந்தது, மாயா நாகரிகத்தின் கணக்கில் வைத்துப் பேசப்படுவது. முன்பற்கள் மூன்று இருக்க வேண்டிய குழிகளில், பல் வடிவில் செதுக்கிய கிளிஞ்சல் துண்டுகள் இருந்தன. இறந்தபின் சடங்குக்காகச் செருகியவை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1970இல் பிரேசில் நாட்டுப் பல் மருத்துவர் அமதேயோ பொபியோ எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, இரண்டு துண்டுகளைச் சுற்றிப் புது எலும்பு வளர்ந்திருந்தது தெரிந்தது. எலும்பு வளர வேண்டுமானால் அந்த ஆள் உயிரோடு இருந்திருக்க வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டனில் நடந்ததை இந்தப் பெருமையோடு சேர்க்க முடியாது. அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர், பிடுங்கிய மனிதப் பல்லைச் சேவலின் கொண்டையில் பதித்து அது ஒட்டிக்கொள்வதைக் காட்டினார். அவர் எழுத்துகள் தந்த துணிச்சலில், ஏழைகளிடம் காசு கொடுத்துப் பல்லைப் பிடுங்கி, பணக்காரர் வாயில் அப்போதே பதிக்கும் வழக்கம் பரவியது. பதித்த பற்கள் நிலைக்கவில்லை. பல்லோடு சேர்ந்து சிபிலிஸ் நோய் தொற்றியதாகவும் பதிவுகள் உண்டு. பல் மருத்துவ வரலாற்றில் வெட்கப்பட வேண்டிய பக்கம் இது.

பிறகு உலோகங்களின் முறை வந்தது. பிரான்சில் மாஜியோலோ 1809இல் பொன்னால் ஒரு வேர் செய்து குழிக்குள் வைத்து, புண் ஆறிய பின் மேலே பல் பொருத்தும் முறையை எழுதிவைத்தார். அமெரிக்காவில் எட்வின் கிரீன்ஃபீல்ட் 1913இல் இரிடியம் கலந்த பிளாட்டினக் கம்பியால் கூடு போன்ற உருளையை விவரித்தார். 1930களின் பிற்பகுதியில் பாஸ்டனின் ஸ்ட்ராக் சகோதரர்கள், எலும்பு முறிவுச் சிகிச்சையில் பயன்பட்ட வைட்டாலியம் என்ற கோபால்ட்-குரோமியக் கலவையில் திருகு செய்தார்கள். எலும்பின் மேற்பரப்பில் அமர்த்தும் சட்டங்கள், கத்தி வடிவத் தகடுகள் என்று பின்னரும் பல வந்தன. சில நல்ல ஆண்டுகள் உழைத்தன. பெரும்பாலும் உலோகத்தைச் சுற்றி நார்த்திசு உறை ஒன்று உருவாகி, நாளடைவில் ஆட்டம் கண்டு, சீழ் பிடித்தன. எலும்பு அந்நியப் பொருளை ஒதுக்கி வைக்கவே செய்யும் என்பது மருத்துவ உலகின் பொதுவான முடிவாயிற்று.

அந்த முடிவை மாற்றிய பேர்-இங்வார் பிரோனமார்க் பல் மருத்துவரே அல்லர். 1950களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில், எலும்பு மஜ்ஜைக்குள் இரத்தம் ஓடுவதை உயிருள்ள முயலின் காலில் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்காக எலும்பில் திருகிவைத்த டைட்டேனியப் பார்வைக் கூடுகளை ஆய்வு முடிந்ததும் கழற்ற முயன்றால், எலும்பு உலோகத்தைக் கவ்விக்கொண்டு விடவில்லை. டைட்டேனியம் எலும்போடு ஒட்டுவதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1940லேயே விலங்குகளில் கண்டு எழுதியிருந்தனர். ஆனால் அதை ஒரு சிகிச்சையாக வளர்த்தவர் இல்லை. பிரோனமார்க் அதைத் தொடர்ந்தார். கோத்தன்பர்க்கில் நாய்களிடம் சோதித்து, 1965இல் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் நான்கு திருகுகளைப் பதித்தார். பிறவியிலேயே அண்ணப்பிளவும் தாடைக் குறைபாடும் கொண்டவர் லார்சன். பல் இல்லாமல் பேசவும் மெல்லவும் அவதிப்பட்டவர். 2006இல் அவர் இறக்கும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் திருகுகள் உழைத்தன.

பிரோனமார்க்கின் கண்டுபிடிப்பைவிட அவருடைய பொறுமைதான் பெரிது என்று சொல்ல வேண்டும். சொந்த நாட்டுப் பல் மருத்துவப் பேராசிரியர்களே அவரைக் கடுமையாக எதிர்த்தனர். அவர் வாதாடியதைவிட நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்ததே பலன் தந்தது. பத்து ஆண்டு அனுபவம் 1977இலும், பதினைந்து ஆண்டுக் கணக்கு 1981இலும் வெளியாயின. தோற்றுப்போன திருகுகளும் அக்கணக்கில் இருந்தன. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஆந்த்ரே ஷ்ரோடர் தனியே ஆராய்ந்து, எலும்பு உலோகத்தை நேரடியாகத் தொட்டு நிற்பதைத் திசு வெட்டுகளில் காட்டினார். கனடாவில் ஜார்ஜ் சார்ப் அதே முறையைத் தம் நோயாளிகளிடம் செய்து பார்த்து, 1982இல் டொராண்டோவில் மாநாடு கூட்டினார். வட அமெரிக்கப் பல் மருத்துவம் இம்பிளான்ட்டை ஏற்றது அதற்குப் பிறகுதான்.

டைட்டேனியத்தின் இரகசியம் அதன் மேற்பரப்பில் இருக்கிறது. காற்றுப் பட்டதும் சில நானோமீட்டர் தடிப்பில் ஆக்சைடு படலம் தானாகப் படர்ந்து, உடல் திரவங்கள் உலோகத்தை அரிக்காமல் காக்கிறது. எலும்புச் செல்கள் அதன் மேல் வளர்கின்றன. ஆனால் எலும்பைத் துளையிடும்போது சூடாக்கிவிட்டால் எல்லாம் வீண். 47 டிகிரி செல்சியசில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்பு சேதமடையும் என்பதை 1980களின் தொடக்கத்தில் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினர். ஆகவேதான் மெதுவான வேகத்தில், உப்புநீர் பாய்ச்சியபடி துளையிடுகிறார்கள். தொடக்கத்தில் கீழ்த்தாடையில் மூன்று மாதமும் மேல்தாடையில் ஆறு மாதமும் திருகை ஈறுக்கு அடியில் அசையாமல் விட்டுவைத்தார்கள். திருகின் மேற்பரப்பை மணல் வீசியும் அமிலத்தால் அரித்தும் சொரசொரப்பாக்கும் முறை 1990களில் பரவியபின் காத்திருக்கும் காலம் சில வாரங்களாகக் குறைந்தது. தகுந்த எலும்பு உள்ளவர்களுக்கு அன்றே தற்காலிகப் பல் மாட்டிவிடுவதும் உண்டு. எலும்பு போதாதவர்களுக்கு எலும்புத்தூள் வைப்பது, மேல்தாடையில் சைனஸ் அறையின் தரையை உயர்த்துவது ஆகிய வழிகள் 1970களிலிருந்து வளர்ந்தன.

இவ்வளவு சிறந்த சிகிச்சை என்பதாலேயே, காப்பாற்றக்கூடிய பல்லையும் பிடுங்கிவிட்டு இம்பிளான்ட் வைப்பது சரியாகிவிடாது. இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் இடையில் உணர்ச்சி நரம்புகள் கொண்ட மெல்லிய தசைநார் உண்டு. இம்பிளான்ட்டுக்கு அது இல்லை. புகைப்பழக்கமும் கட்டுப்படாத சர்க்கரை நோயும் இம்பிளான்ட் தோற்கும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. எலும்புத்தேய்வுக்காக பிஸ்பாஸ்போனேட் மருந்து எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். வளர்ச்சி முடியாத சிறுவர்களுக்குப் பொதுவாக இதைச் செய்வதில்லை. டைட்டேனியத்துக்குச் சொத்தை வராது. ஆனால் சுற்றியுள்ள ஈறில் கிருமி சேர்ந்தால், எலும்பு வலியில்லாமலே கரைந்துபோகும். ஆகவே இம்பிளான்ட் வைத்துக்கொண்டவர்கள் வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தினமும் நன்றாகத் துலக்குங்கள். மருத்துவர் சொன்ன இடைவெளியில் தவறாமல் போய்க் காட்டிவிட்டு வாருங்கள்.