நியூயார்க்கில் தனி வாழ்வும் வாடகையும்

நியூயார்க் நகரக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று ஒரே ஓர் ஆளைக் கொண்டது. அமெரிக்கா முழுவதிலும் 1940-இல் 7.7 விழுக்காடாக இருந்த தனிநபர்க் குடும்பங்கள் 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 27.6 விழுக்காடாகப் பெருகியிருந்தன. இளைஞர்கள், மணமுறிவு பெற்றவர்கள், துணையை இழந்த முதியவர்கள் என இவர்களில் எல்லா வயதினரும் உண்டு. ஆனால் மன்ஹாட்டனில் புதிதாக வாடகைக்குப் போகும் வீடுகளின் இடைநிலை வாடகை 2022-இல் மாதம் 4,000 டாலரைத் தொட்டது. ஒற்றைச் சம்பளக்காரர் இந்நகரில் தனியே, ஓரளவு வசதியாக வாழ முடியாமல் திணறுவதற்குச் சிக்கனமின்மையைக் காரணம் சொல்வது எளிது. நகரத்தின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. ஓர் ஆளுக்குப் போதுமான மலிவான இருப்பிடம் ஒரு காலத்தில் அங்கே ஏராளமாக இருந்தது. சட்டத்தாலும் வரிச்சலுகையாலும் நகரமே அதை ஒழித்தது. இன்று தனியாள் செலுத்தும் வாடகையில் அந்த ஒழிப்பின் விலையும் சேர்ந்திருக்கிறது.

முதலில் அளவுகோலைப் பார்க்கலாம். வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் வாடகைக்குப் போகக்கூடாது என்ற விதி ஏதோ பொருளாதார ஆராய்ச்சியின் முடிவு போலப் பேசப்படுகிறது. உண்மையில் அது அரசுக் குடியிருப்புகளில் வசித்த ஏழைகளுக்கான வாடகை உச்சவரம்பு. மாசசூசெட்ஸ் செனட்டர் எட்வர்ட் புரூக் கொண்டுவந்த 1969-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 25 விழுக்காடாக வைத்தது. 1981-இல் அது 30 ஆக உயர்த்தப்பட்டது. நியூயார்க் வீட்டு உரிமையாளர்கள் இதையே தலைகீழாக்கிக் கையாள்கிறார்கள்: விண்ணப்பிப்பவரின் ஆண்டு வருமானம் மாத வாடகையைப்போல 40 மடங்கு இருக்க வேண்டும் என்பது அங்கு பரவலான நிபந்தனை. 12-ஐ 40-ஆல் வகுத்தால் கிடைப்பது அதே 30 விழுக்காடுதான். ஏழையைக் காக்க எழுந்த வரம்பு, வாசலிலேயே ஆளைத் தடுக்கும் கதவாகிவிட்டது. 4,000 டாலர் வாடகைக்கு 1,60,000 டாலர் ஆண்டு வருமானம் வேண்டும். 2025-இல் நகரின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 16.50 டாலர், வாரம் 40 மணி நேரம், ஆண்டு முழுவதும் விடாமல் உழைத்தால் 34,320 டாலர். அந்த வருமானத்துக்கு இவ்விதி அனுமதிக்கும் வாடகை 858 டாலர்.

இந்த விழுக்காட்டுக் கணக்கில் அடிப்படைக் குறை ஒன்றும் உண்டு. 60,000 டாலர் சம்பாதிப்பவர் 30 விழுக்காட்டை வாடகைக்குக் கொடுத்தால் எஞ்சுவது 42,000. 1,60,000 சம்பாதிப்பவருக்கு எஞ்சுவது 1,12,000. இருவருக்கும் அரிசி விலை ஒன்றுதான். எஞ்சும் தொகையிலிருந்து மத்திய அரசு, மாநிலம், நகரம் என மூன்று அடுக்கு வருமான வரியும் போக வேண்டும். வாடகை போக மிஞ்சும் தொகையில் மற்றத் தேவைகள் அடங்குமா என்பதே சரியான கேள்வி என்று வீட்டுவசதி ஆய்வாளர் மைக்கேல் ஸ்டோன் நெடுங்காலம் வாதிட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டால் தனியாளின் நிலை உடனே தெளிவாகும். குளியலறை, சமையலறை, இணையம், வெப்பமூட்டல் எல்லாம் ஒருவருக்கும் ஒன்று, இருவருக்கும் ஒன்று. வருமானங்களை ஒப்பிடப் பொருளியலாளர்கள் பயன்படுத்தும் வர்க்கமூல அளவுகோலின்படி இருவர் குடும்பத்துக்கு ஒருவரின் செலவைப்போல 1.41 மடங்கு போதும். அதாவது தம்பதியரில் ஆளுக்கு 100 டாலரில் கிடைக்கும் வாழ்க்கைக்குத் தனியாள் ஏறத்தாழ 141 டாலர் செலவிட வேண்டும்.

இந்தச் சுமையை ஒரு காலத்தில் தாங்கியவை அறைவிடுதிகள். படுக்கையும் மேசையும் உள்ள தனியறை, தளத்துக்குப் பொதுவான குளியலறை, வார வாடகை, முன்பணத் தொல்லை இல்லை. நம்மவர் மொழியில் மேன்ஷன் அறை. டேரியஸ் ஆக்டன் மில்ஸ் என்ற செல்வந்தர் 1897-இல் பிளீக்கர் தெருவில் கட்டிய மில்ஸ் ஹவுஸ், ஏறத்தாழ 1,500 சிறிய அறைகளைக் கொண்டது. ஓர் இரவுக்கு 20 சென்ட். 1927-இல் திறந்த பார்பிசான், வேலைக்கும் படிப்புக்கும் வந்த பெண்களுக்கானது. நடிகை கிரேஸ் கெல்லியும் கவிஞர் சில்வியா பிளாத்தும் அங்கே தங்கியவர்கள். அடித்தட்டுக் கூலித் தொழிலாளி முதல் பத்திரிகை அலுவலகப் பெண் வரை தரத்துக்குத் தக்க அறை கிடைத்தது. 1955-இல் நகரம் இத்தகைய புதிய தனியார் அறைவிடுதிகளைத் தடை செய்தது. 1970-களில் ஜே-51 என்னும் வரிச்சலுகை, இருந்த விடுதிகளையும் உயர்தர அடுக்ககங்களாக மாற்ற ஊக்கம் தந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட அறைகள் மறைந்தன. விழித்துக்கொண்ட நகரம் 1985-இல் மாற்றத்துக்குத் தடை விதித்தபோது, அது உரிமையாளரின் சொத்தைப் பறிப்பதாகும் என்று மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 1989-இல் அதைச் செல்லாததாக்கியது. பார்பிசான் இப்போது சொகுசு அடுக்ககம்.

அந்த விடுதிகள் அழுக்கும் தீவிபத்து ஆபத்தும் நிறைந்தவை, அவற்றை ஒழித்தது மனிதநேயச் செயல் என்பது வலுவான மறுப்பு. பல விடுதிகளைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. ஆனால் தரமற்ற உணவகங்களைத் திருத்த ஊரில் உணவகமே கூடாது என்று யாரும் சட்டம் போடுவதில்லை. அறையைச் சீர்படுத்துவதற்குப் பதில் அறை என்ற வகையையே சட்டம் நீக்கியது. இடம்பெயர்ந்தவர்களுக்கு மாற்று எதுவும் கட்டப்படவில்லை. 1979-இல் தொடுக்கப்பட்ட காலஹன் வழக்கு 1981-இல் உடன்பாட்டில் முடிந்து, வீடற்ற ஆண்களுக்குத் தங்குமிடம் தரும் கடமையை நகரம் ஏற்கவேண்டி வந்தது. அந்தக் காலத்தில் தெருவில் வாழ்வோர் பெருகியதற்கான காரணங்களில் ஒன்றாக அறைவிடுதிகளின் மறைவை ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள்.

வீட்டைப் பகிர்ந்துகொண்டால் போயிற்று என்பது அடுத்த மறுப்பு. பெரும்பாலான இளைஞர்கள் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பகிர்வுக்கும் விலை உண்டு, அதைக் கொடுப்பவர் வேறொருவர். மூன்று சம்பளக்காரர்கள் சேர்ந்து மூன்று படுக்கையறை வீட்டுக்குக் கேட்கும் வாடகையை, குழந்தைகளோடு ஒன்றரைச் சம்பளத்தில் வாழும் குடும்பம் கொடுக்க முடியாது. தனியாளுக்கு இடமில்லாத சந்தையில் குடும்பத்துக்கும் இடம் குறைகிறது. தள்ளிப் போய் வசிக்கலாமே என்ற யோசனைக்கு நியூயார்க்கில் மற்ற நகரங்களைவிட நியாயம் அதிகம்: சுரங்கரயிலில் தூரத்துக்கேற்ற கட்டணம் கிடையாது, பிராங்க்ஸின் வடகோடியிலிருந்து வந்தாலும் ஒரே தொகைதான். செலவாவது பணத்தைவிட நேரம். ஆனால் தள்ளியிருக்கும் வீடாவது காலியாக இருக்க வேண்டுமே. 2023-ஆம் ஆண்டு நகர ஆய்வில் காலி வாடகை வீடுகளின் விகிதம் 1.41 விழுக்காடு, 1968-க்குப் பிறகு இவ்வளவு குறைந்ததில்லை. மாதம் 1,100 டாலருக்குக் குறைவான வீடுகளில் அது ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை.

வாடகைக் கட்டுப்பாடு இருக்கிறதே என்று கேட்கலாம். பெரும்பாலும் 1974-க்கு முன் கட்டப்பட்ட, ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட கட்டடங்களில் ஏறத்தாழ பத்து லட்சம் வீடுகளுக்கு ஆண்டு உயர்வை ஒரு வாரியம் நிர்ணயிக்கிறது. குறைந்த வருமானமுள்ள 62 வயதைக் கடந்தவர்களுக்கு வாடகையை உறையவைக்கும் திட்டமும் உண்டு. தனித்து வாழும் முதியவர்கள் பலர் நகரில் நீடிப்பது இவற்றால்தான். இதைக் குறைத்து மதிப்பிடுவது தவறு. ஆனால் இது உள்ளே இருப்பவரைக் காக்கும் ஏற்பாடு. காப்புக் கிடைத்தவர் வீட்டை விடுவதில்லை, புதிதாக வருபவர் கட்டுப்பாடற்ற மிச்சச் சந்தையில் போட்டியிட வேண்டும். புதியவரின் நுழைவுச் செலவும் சிறிதல்ல. அட்வான்ஸ் ஒரு மாத வாடகைக்கு மேல் கூடாது என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. தரகுக் கூலியோ, ஆண்டு வாடகையில் 15 விழுக்காடுவரை போனது. 4,000 டாலர் வீட்டுக்கு அது 7,200 டாலர். தரகரை அமர்த்தியவரே கூலி தர வேண்டும் என்ற விதி 2025 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது.

சிறிய வீடுகளைக் கட்டிப் பார்த்த சோதனையும் நடந்திருக்கிறது. 2016-இல் திறந்த கார்மெல் பிளேஸ், 260 முதல் 360 சதுர அடி வரையிலான 55 வீடுகளைக் கொண்டது. 400 சதுர அடி என்ற குறைந்தபட்ச விதியிலிருந்து விலக்குப் பெற்றே அதைக் கட்ட முடிந்தது. சந்தை விலைக்கு விடப்பட்டவற்றின் வாடகை 2,500 டாலரைத் தாண்டியதால், சின்ன வீடு மலிவாகாது என்று விமர்சகர்கள் முடிவு கட்டினார்கள். ஒரே ஒரு கட்டடத்தை வைத்து விலை குறையவில்லை என்பது அவசர முடிவு. அங்கே குலுக்கலில் ஒதுக்கப்பட்ட 14 குறைந்த வாடகை வீடுகளுக்கு ஏறத்தாழ 60,000 பேர் விண்ணப்பித்தார்கள். பற்றாக்குறையின் அளவு அதில் தெரிகிறது. குடும்பங்களில் ஏறத்தாழப் பாதி தனிநபர்க் குடும்பங்களாக உள்ள டோக்கியோவில் ஓரறை வீடு விதிவிலக்கல்ல, அன்றாடச் சரக்கு. ஒருவருக்கு 25 சதுர மீட்டர், அதாவது 270 சதுர அடிக்குச் சற்றுக் குறைவு, என்பதே ஜப்பானிய அரசு வகுத்த குறைந்தபட்ச அளவு. 2024 டிசம்பரில் நியூயார்க் நகரமன்றம் ஏற்ற மண்டல விதிச் சீர்திருத்தம் சிறிய வீடுகளுக்கும் பொது வசதிகளைப் பகிரும் குடியிருப்புகளுக்கும் இருந்த தடைகள் சிலவற்றை விலக்கியிருக்கிறது. 1955-இல் மூடிய கதவு அவ்வளவில் திறந்திருக்கிறது. அதன் வழியே எத்தனை அறைகள் எழும் என்பது கட்டுமானச் செலவையும் கடன் வட்டியையும் பொறுத்தது.